முளையிலே தெரியாத பயிர்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் பழமொழி. தவழும் குழந்தை பென்சிலைப் பற்றினாலும் இதனைச் சொல்கிறோம். பத்து வயதுப் பிள்ளை பரீட்சையிற் புள்ளி குறைந்து வந்தாலும் இதனையே சொல்கிறோம். முன்னதில் அது வாழ்த்து; பின்னதில் அது தீர்ப்பு. வாழ்த்தினால் வருந் தீங்கு ஒன்றுமில்லை. தீர்ப்போ பிள்ளையின் நெஞ்சில் ஆண்டுக்கணக்காக முள்ளாய்க் கிடக்கும். ஐந்தாந் தரத்திலே ஒரு பரீட்சை, பத்தாம் வகுப்பிலே ஒரு பரீட்சை என்று பிள்ளைகளை நிறுத்து நிறுத்துப் பார்க்கும் காலத்தில் வாழும் நாம், இப்பழமொழி எந்த அளவுக்கு உண்மை என்று ஒருமுறை உரைத்துப் பார்ப்பது நன்று.

அவ்வாறு உரைத்துப் பார்ப்பதற்கு ஓர் உரைகல்லாக இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டது ஸாக் ஈடி என்னும் கனடிய இளைஞரின் வரலாறு. 2002 ஆம் ஆண்டு மே மாதம் ரொறன்ரோ நகரிற் பிறந்தவர். ஏழடி நான்கு அங்குல உயரமுள்ளவர். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகங்களுள் ஒன்றான மெம்பிஸ் கிறிஸ்லீஸ் கழகம், 2024 ஆம் ஆண்டு அவரைத் தன் நடு ஆட்டக்காரராகத் தெரிந்தெடுத்தது. ரொறன்ரோ, இப்பகுதியை வாசிக்கும் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் வாழும் ஊர். ஆதலின் அவர் பெயரை அங்குள்ள மருமக்கள் வாயிலாகச் சிலர் முன்னரே கேள்வியுற்றிருக்கவுங் கூடும்.

“ஏழடி நான்கு அங்குலமா? அப்படியாயின் அவர் கூடைப்பந்து வீரராவது முளையிலேயே தெரிந்திருக்குமே!” என்று வாசகர் கேட்பர். அவ்வாறு தெரியாமற் போனதுதான் இவ்வரலாற்றின் சுவை.

கூடையும் நெட்டையரும்

கூடைப்பந்து, பிற விளையாட்டுகளைப் போல நூற்றாண்டுகளாக மெல்ல மெல்ல உருவானதன்று. ஓர் ஆசிரியர் தம் மாணவருக்காகச் சிந்தித்துப் படைத்தது. அவ்வாசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1861 இற் பிறந்தவர். 1891 ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலுள்ள வை. எம். சி. ஏ. பயிற்சிக் கல்லூரியில், பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாது முரண்டு பிடித்த மாணவரைக் கூடத்தினுள்ளேயே ஆட்டுவிக்கும்படி அவருக்குப் பணிக்கப்பட்டது. அவர் பீச் பழக் கூடைகள் இரண்டை மேன்மாடக் கைபிடிச் சுவரில் இருபுறமும் அறைந்தார். அச்சுவர் பத்தடி உயரத்தில் இருந்தது. அதனாலேயே இன்றும் உலகெங்கும் கூடை பத்தடி உயரத்தில் நிற்கிறது.

மனிதன் நிமிர்ந்து பார்த்து எறியவேண்டிய இலக்கு என்றே நெய்ஸ்மித் கருதினார். ஆயின், அவ்விலக்கைக் கையால் எட்டும் மனிதரும் நாளடைவில் ஆடுகளத்துக்கு வந்து சேர்ந்தனர். அவர்களை என்ன செய்வது என்பது இவ்விளையாட்டின் தீராத வழக்கு. ஆறடி பத்து அங்குலமுள்ள ஜோர்ஜ் மைக்கன் கூடைக்கு மேலே கையை நீட்டிப் பந்தை ஒதுக்கியபோது, கீழிறங்கும் பந்தைத் தொடலாகாது என 1944 இல் கல்லூரி ஆட்டத்தில் விதி பிறந்தது. அவர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது, கூடைக்கு முன்னுள்ள கட்டத்தின் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக 1951 இல் விரித்தனர். அக்கட்டத்துள் மூன்று விநாடிக்கு மேல் நின்று பந்துக்குக் காத்திருத்தல் குற்றமாதலின், கட்டம் அகல அகல நெட்டையர் கூடையை விட்டு விலகியே நிற்க நேரும். பின்னர் வில்ற் சேம்பர்லின் வந்தார். 1964 இல் அக்கட்டம் பதினாறடியாயிற்று. உயரம் ஒரு வரம் என்கிறோம். அவ்வரத்துக்கு எதிராக விளையாட்டின் விதிகளே மாற்றப்பட்டு வந்துள்ளன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நெட்டையரை வேடிக்கைப் பொருளாக்கிய நிகழ்ச்சி ஒன்றும் ரொறன்ரோவிலேயே உண்டு. இன்று என். பி. ஏ. என வழங்கும் தொழில்முறைச் சங்கத்தின் முதலாவது ஆட்டம் 1946 நவம்பர் முதலாந் திகதி அந்நகரில் நிகழ்ந்தது. ஐஸ் ஹொக்கியிலே மூழ்கிக் கிடந்த மக்களைப் புதிய ஆட்டத்துக்கு அழைத்து வருவதற்காக, ரொறன்ரோ அணியிலிருந்த ஆறடி எட்டு அங்குல வீரரிலும் உயர்ந்தோர் எவராயினும் இலவசமாக உள்ளே வரலாம் என விளம்பரஞ் செய்தனர். அன்று ரொறன்ரோ அணி நியூயோர்க் அணியிடம் 66க்கு 68 என்ற கணக்கிற் தோற்றது; அடுத்த ஆண்டே அக்கழகமும் மறைந்தது. மீண்டும் ஒரு தொழில்முறைக் கழகம் அந்நகருக்கு வர 1995 ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியதாயிற்று.

ஹொக்கி ஆடிய சிறுவன்

ஈடியின் அன்னையார் கனடாவிற் குடியேறிய சீனக் குடும்பத்தின் வழிவந்தவர். அவரும் நல்ல உயரம். இளமையிற் கூடைப்பந்து ஆடியவர். எனினும் மகனின் மனம் அதிற் செல்லவில்லை. கனடியப் பிள்ளைகள் பலரையும் போல அவர் ஐஸ் ஹொக்கி ஆடினார். பேஸ்போலில் பந்தெறிபவராகத் தேர்ந்தார். “இவ்வளவு வளர்ந்திருக்கிறாயே, நீ ஏன் கூடைப்பந்து ஆடுவதில்லை?” என்னுங் கேள்வியைச் சிறுவயதிலிருந்தே அவர் கேட்டுச் சலித்திருந்தார். அக்கேள்வியே அவ்விளையாட்டின்மேல் வெறுப்பை வளர்த்தது.

இதனை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வகுப்பிலே மற்றையோரிலும் ஒரு தலை உயர்ந்த பிள்ளை படும் பாட்டை ஆசிரியராயுள்ளோர் அறிவர். பனை என்பார் ஒருவர், கொக்கு என்பார் மற்றொருவர். ஊர்வலமா, அவன் கொடி பிடிக்கவேண்டும். நாடகமா, அவன் அரக்கனாகவேண்டும். அவன் யார் என்பதை அவனிடங் கேளாமலே அவன் உயரத்திடங் கேட்டு முடிவு செய்துவிடுகின்றனர். பெற்றோரும் பிறரும் வாசலைத் திறந்துவிட்டு உட்செல் என்று தள்ளும்போது, வாசற்படியிலே காலை ஊன்றி நிற்பது பிள்ளைகளின் இயல்பு.

பதினைந்து, பதினாறு வயதளவிலேதான் ஈடி கூடைப்பந்தைக் கையிலெடுத்தார். அவரோடு ஒத்த வயதினரான அமெரிக்கச் சிறுவர் ஏழெட்டு ஆண்டு பயின்றிருந்த காலம் அது. பந்தைத் தட்டி ஓடுவதும், கால் மாற்றித் திரும்புவதும் அவர்களுக்குப் பேச்சுப் போல இயல்பாயிருக்க, ஈடி அரிச்சுவடி தொடங்கினார். உயரமும் பாரமும் வேகமாக ஏறிய உடல், சொன்ன சொல்லைக் கேளாத உடல். பின்னர்ப் புளோரிடா மாநிலத்தில் விளையாட்டுக்குப் பேர்பெற்ற உயர்தரப் பாடசாலை ஒன்றிற் சேர்ந்தார். அங்கும் அவர் முதல்வரிசை நட்சத்திரமல்லர்.

அமெரிக்காவிலே பல்கலைக்கழகம் புகவிருக்கும் ஆட்டக்காரரை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தி வெளியிடும் வழக்கமுண்டு. முதலாமவர், இரண்டாமவர் என்று நூற்றுக்கணக்கிற் பெயர்கள் செல்லும். ஈடியின் பெயர் முதல் நானூறு பெயருள் இல்லை. நன்றாகக் கவனித்தல் வேண்டும்: ஏழடிக்கு மேற்பட்ட உயரம் எவர் கண்ணுக்கும் மறைந்திருக்கவில்லை. அதைக் கண்டபின்னரே, ‘இது விளையாத பயிர்’ என்று மதிப்பிட்டனர்.

நான்காண்டுத் தேர்ச்சி அறிக்கை

இந்தியானா மாநிலத்திலுள்ள பேடூ பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. பொறியியற் கல்விக்குப் புகழ்பெற்ற அப்பல்கலைக்கழகமே சந்திரனில் முதலிற் காலடி வைத்த நீல் ஆம்ஸ்ரோங் பயின்ற இடம். அங்கே 2005 முதற் பயிற்றுநராக இருந்துவரும் மற் பெயின்ரர், நெட்டையரைப் பொறுமையோடு பழக்கி எடுப்பவர் எனப் பெயர் பெற்றவர். பிறர் அவசரப்பட்டுக் கைவிட்ட பிள்ளைகள் பலர் அவரிடம் வந்து தேறியுள்ளனர்.

நடு ஆட்டக்காரரின் வேலை என்ன என்பதை மாணவர்க்காகச் சிறிது விளக்குவோம். கூடைக்கு அண்மையில், முதுகை எதிரிக்குக் கொடுத்து நின்று, சகாக்கள் தரும் பந்தைப் பெற்று, திரும்பிப் போடுதல் ஒன்று. குறிதவறித் திரும்பும் பந்தைப் பிறர்க்கு முன்னர்ப் பற்றுதல் இரண்டு. இதனை மீள்பந்து என்போம். எதிரி கூடையை நெருங்காது காத்தல் மூன்று. பார்ப்பவர்க்கு இவை உயரத்தின் வேலையாகத் தோன்றும். ஈடி நின்றபடியே கையை உயர்த்தினால் விரல் நுனிக்கும் கூடைக்கும் இடையே சில அங்குலமே எஞ்சும் என்பது மெய்தான். ஆயினும், கையை உயர்த்தும் இடத்துக்கு முதலில் வந்து சேரவேண்டுமே! இருவர் மூவர் சேர்ந்து தள்ள, முழங்கையால் இடிக்க, மூன்று விநாடிக்குள் இடம்பிடித்துப் பாதத்தைச் சரியாக ஊன்றித் திரும்புவது காலின் கல்வி. அதனை ஆயிரக்கணக்கான முறை செய்தே கற்கவேண்டும். முன் கூறிய மைக்கனும் தொடக்கத்திற் தட்டுத்தடுமாறிய மூக்குக்கண்ணாடி இளைஞரே. கயிறு தாண்டவும் நடனமாடவும் செய்து அவர் காலைப் பழக்கியவர் அவருடைய பயிற்றுநர்.

ஈடியின் நான்காண்டுத் தேர்ச்சி அறிக்கையை இனிப் பார்ப்போம். முதலாம் ஆண்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 8.7 புள்ளி. இரண்டாம் ஆண்டில் 14.4. அப்போதும் மூத்த ஆட்டக்காரர் ஒருவருடன் நேரத்தைப் பங்கிட்டே ஆடினார்; பாதி ஆட்டம் ஆசனத்தில் அமர்ந்திருப்பதைக் குறையாகக் கொள்ளவில்லை. மூன்றாம் ஆண்டில் 22.3. நான்காம் ஆண்டில் 25.2. மீள்பந்து முதலாண்டில் 4.4 ஆக இருந்தது. இறுதி இரண்டு ஆண்டுகளிலும் பன்னிரண்டுக்கு மேல் உயர்ந்தது. 2021 இல் லற்வியா நாட்டின் ரீகா நகரில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டியிற் கனடா வெண்கலம் பெற்றபோது, அத்தொடரின் சிறந்த ஐவருள் ஒருவராகவும் அவர் தெரிவானார்.

இவ்வறிக்கையில் வியப்பு யாதெனில், ஓர் ஆண்டிலேனும் புள்ளிகளின் வரைகோடு கீழே இறங்கவில்லை என்பதே. முதலாண்டின் எட்டேமுக்காற் புள்ளியை மட்டும் வைத்து எவரேனும் தீர்ப்பெழுதியிருந்தால், பிந்திய மூன்று ஆண்டும் அத்தீர்ப்பைப் பொய்யாக்கியிருக்கும்.

உலகம் நகைத்த இரவு

2023 இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் ஆண்டுச் சிறந்த வீரராக ஈடி மதிக்கப்பெற்றார். ஆயின் அவ்வாண்டையே அவர் வாழ்வின் கசப்பான ஆண்டு என்றும் கூறலாம்.

அந்நாட்டுக் கல்லூரிகளின் தேசியப் போட்டி மார்ச் மாதம் நடைபெறும். ஒருமுறை தோற்றால் வெளியே செல்லவேண்டியதுதான். ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை ஒன்றுமுதற் பதினாறுவரை தரப்படுத்தி, முதற் சுற்றில் முதலாந் தரத்தைப் பதினாறாந் தரத்தோடு மோதவிடுவர். முதலாந் தரம் வெல்வது ஏறத்தாழ விதி போன்றது. ஆடவர் போட்டி வரலாற்றில் அவ்விதி ஒரேயொரு முறை, 2018 இல், பொய்த்திருந்தது.

2023 மார்ச் 17 ஆந் திகதி ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் அது இரண்டாம் முறை பொய்த்தது. முதலாந் தர அணியான பேடூ, பெயர்லி டிக்கின்சன் என்னும் சிறிய பல்கலைக்கழகத்திடம் 58க்கு 63 எனத் தோற்றது. அதிலும் ஒரு விசித்திரம்: முதற்பிரிவு அணிகள் அனைத்திலும் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அதுவே. ஏழடி நான்கு அங்குலத்தாரின் அணியைக் குட்டையர் அணி வென்றது என்றால் நகைப்போர்க்குக் கேட்கவா வேண்டும்? ஈடி அன்று 21 புள்ளியும் 15 மீள்பந்தும் பெற்றிருந்தார். அதனை எவரும் பார்க்கவில்லை. குட்டையர் இருவர் மூவராய்ச் சூழ்ந்து அவரிடம் பந்து சேரவொட்டாது தடுத்ததும், பந்து கிடைத்த சகாக்கள் தூரத்திலிருந்து எறிந்து எறிந்து தவறவிட்டதும் பேச்சாகவில்லை. உயரமானவன் தோற்றான் என்பதே பேச்சாயிற்று. உயர்ந்து நிற்பவரின் வீழ்ச்சியிலே உலகத்துக்கு ஓர் இன்பமுண்டு போலும்.

அதன்பின் அவர் முன் இரு வழிகள் இருந்தன. கல்லூரியை விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்வது ஒன்று. அதற்குப் பெயர் கொடுத்தும் இருந்தார். மற்றையது, தன்னை நகைத்த அதே களத்துக்குத் திரும்புவது. பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நான்காம் ஆண்டுக்குப் பேடூவுக்கே வந்தார்.

இதன் பெறுமதியை உணரவேண்டுமாயின் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். 2021 ஜூலை முதல், அமெரிக்கக் கல்லூரி வீரர் தம் பெயரையும் புகழையும் விளம்பரங்களுக்கு அளித்துப் பொருளீட்டலாம் என விதி தளர்ந்தது. புகழ்பெற்ற மாணவர் சிலர் கல்லூரியில் இருந்தபடியே செல்வராயினர். ஈடியோ கனடியப் பிரசை. மாணவர் விசாவில் தங்கியிருந்தவர். அவ்விசா அந்நாட்டில் வேலை செய்து பணம் ஈட்ட இடந்தராது. ஆகவே நாட்டின் முதன்மை வீரரான அவர், தம் சகாக்கள் எளிதிற் பெற்றவற்றுட் பெரும்பகுதியைப் பெற இயலாதவராயிருந்தார். அதை அறிந்தே திரும்பினார்.

இரண்டாவது முயற்சி

2024 மார்ச்சில் பேடூ மீண்டும் முதலாந் தரம் பெற்றது. மீண்டும் முதற் சுற்றில் பதினாறாந் தர அணியொன்றைச் சந்தித்தது. சென்ற ஆண்டின் நிழல் எல்லோர் மனத்திலும் இருந்திருக்கும். ஈடி 30 புள்ளியும் 21 மீள்பந்தும் பெற, பேடூ 78க்கு 50 என வென்றது. அதன்பின் டெற்றோயிற் நகரிற் ரெனஸி அணியை எதிர்த்த ஆட்டத்தில் அவர் தனியே 40 புள்ளி குவித்தார். அணி 72க்கு 66 என வென்று, 1980 க்குப் பின் முதன்முறையாக இறுதி நால்வருட் புகுந்தது. ஏப்ரில் 8 ஆந் திகதி அரிசோனா மாநிலத்தில் இறுதியாட்டம். எதிரி கனெற்றிக்கற் பல்கலைக்கழகம். ஈடி 37 புள்ளி பெற்றார். பேடூ மொத்தமாகப் பெற்றதே 60. கனெற்றிக்கற் 75 பெற்று வென்றது.

ஆம், தோல்விதான். இதனை ஒரு கதையாசிரியர் எழுதியிருந்தால் இறுதியில் வெற்றி பெற்றுக் கிண்ணத்தை ஏந்துவதாக முடித்திருப்பார். வாழ்க்கை அவ்வாறு முடிக்கவில்லை. எனினும் இரு தோல்விகளும் ஒன்றல்ல. முன்னைய ஆண்டு முதற்படியிலே தடுக்கி விழுந்த அணி, இம்முறை உச்சிப்படியிலே நின்று தோற்றது. அத்தோல்வியின் பின் நகைத்தவர் இலர். அவ்வாண்டும் அவரே சிறந்த வீரர். நெய்ஸ்மித்தின் பெயரால் வழங்கும் விருதை இரண்டாண்டு தொடர்ந்து பெற்றார். 1980 களின் தொடக்கத்தில் றால்ப் சாம்சன் பெற்றதற்குப் பின் இவ்வாறு எவரும் தொடர்ந்து பெற்றதில்லை. பேடூவின் வரலாற்றில் மிகுதியான புள்ளி குவித்தவரும் அவரே. அந்தச் சாதனை 1970 முதல் றிக் மௌன்ற் என்பவரிடம் இருந்தது.

உடல் என்னும் இரவற்பொருள்

கல்லூரியிற் புகழ் பெற்றும், தொழில்முறை ஆட்டத்தில் அவர் நிலைப்பாரா என ஐயுற்றோர் பலர். அதற்குக் காரணமுண்டு. தொலைவிலிருந்து போடும் பந்துக்கு மூன்று புள்ளி எனும் விதியை என். பி. ஏ. 1979 இற் புகுத்தியது. அதன் பயன் மெல்ல மெல்ல விளைந்து, இந்நூற்றாண்டில் ஆட்டத்தையே கூடையிலிருந்து வெளியே இழுத்துச் சென்றுவிட்டது. நடு ஆட்டக்காரரும் தூரத்திலிருந்து எறிகின்றனர். எதிரியைத் துரத்திக்கொண்டு களத்தின் ஓரம்வரை ஓடுகின்றனர். கூடையின் கீழ் நிலைகொண்டு ஆடும் ஈடி, பழைய காலத்து ஆட்டக்காரர் என்றும், வேகம் போதாதவர் என்றும் மதிப்பிடப்பட்டார். மீண்டும் ஒரு தீர்ப்பு!

2024 ஜூன் மாதத் தெரிவில் மெம்பிஸ் கழகம் அவரை ஒன்பதாவதாக எடுத்தபோது வியந்தவர் பலர். பாரிஸ் ஒலிம்பிக்கில் நாட்டுக்கு ஆடும் வாய்ப்பையும் விட்டுப் புதிய கழகத்திற் பயிலச் சென்றார். முதலாண்டில் 66 ஆட்டங்களில் ஆடி, சராசரி 9.2 புள்ளியும் 8.3 மீள்பந்தும் பெற்றார். கல்லூரியில் 25 பெற்றவருக்கு 9 குறைவுதான். ஆயின் பேடூவின் முதலாண்டை நினைத்துப் பார்ப்போர் இதனைக் குறைவெனக் கொள்ளார். அவ்வாண்டு புதிதாய் வந்த வீரருள் முதன்மையான ஐவருள் ஒருவராக 2025 இல் அவர் அறிவிக்கப்பட்டார்.

அதன்பின் வந்தது வேறொரு சோதனை. 2025 ஜூனில் இடது கணுக்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நவம்பரிற் களத்துக்குத் திரும்பினார். டிசம்பரில் அதே கணுக்கால் மீண்டும் தொல்லை தர, ஓய்வுக்குச் செல்லவேண்டியதாயிற்று.

நெட்டையர்க்குப் பாதமே பகை. முந்நூறு இறாத்தல் எடையைச் சுமந்து, ஒரு பருவத்தில் எண்பத்திரண்டு ஆட்டம், ஆட்டந்தோறும் எண்ணற்ற தடவை குதித்துக் குதித்து விழுவதென்றால், அத்தாக்கம் முழுவதையும் தாங்குவன பாதத்துச் சிற்றெலும்புகளும் அவற்றைப் பிணைக்கும் நார்களுமே. சீனத்தின் புகழ்பெற்ற வீரர் யாவோ மிங், ஏழடி ஆறு அங்குலத்தார். பாதக் காயங்கள் திரும்பத் திரும்ப வந்தமையால் 2011 இல் முப்பது வயதிலேயே ஆட்டத்தைத் துறந்தார். கால்களின் கல்வியால் உயர்ந்த ஈடிக்குக் காலே கண்டமாகி நிற்பது எண்ணத்தக்கது. எத்தனை முயன்றாலும் உடல் நாம் செய்த பொருளன்று. நமக்கு இரவலாக வந்த பொருள். விளையாட்டையே வாழ்வாகக் கொள்ள விரும்பும் மாணவர் இதனை மறத்தலாகாது. பெற்றோர் தம் பிள்ளையின் கையிற் பந்து இருக்கும்போதே மறு கையிற் புத்தகமும் இருக்குமாறு பார்த்துக்கொள்வது இக்காரணம் பற்றியே.

பழமொழிக்கு ஒரு திருத்தம்

இவ்வரலாற்றிலிருந்து பிழையான பாடமொன்றையும் சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். ‘முயன்றால் எவரும் எதுவும் ஆகலாம்’ என்பது அப்பாடம். அது மெய்யன்று. ஈடியின் உயரத்தை முயற்சி தந்துவிடாது. ஐந்தரையடி உயரமுள்ள மாணவன் எத்துணை முயன்றாலும் என். பி. ஏ. நடு ஆட்டக்காரராதல் இயலாது. அவ்வாறு சொல்லிப் பிள்ளையை ஏமாற்றுவது, ‘நீ எதற்கும் உதவாய்’ என்று சொல்வதைப் போலவே பொறுப்பற்ற செயல்.

அவ்வாறாயின் பாடம் யாது? உயரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. காலைப் பழக்கும் பொறுமை, ஆசனத்திலே காத்திருக்கும் அடக்கம், நகைப்பின் பின் திரும்பி வரும் நெஞ்சுறுதி ஆகிய மூன்றும் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. வரிசைப்படுத்தியவர் பொய்யர் அல்லர். அன்று கண்ட திறமையை அன்று உள்ளபடியே அளந்தனர். அளக்கப்படாதவை பின்னர் வந்த வெயிலிலும் மழையிலுமே வெளிப்பட்டன. முளையிற் தெரிவது பயிரின் சாதி மாத்திரமே. விளைச்சல் முளையிற் தெரியாது; நிலத்தையும், நீரையும், உழவனின் பொறுமையையும் பார்த்தே அதனைச் சொல்லலாம். நாற்று மெலிவு என்று பிடுங்கி எறியும் உழவன் எவனும் இலன். பிள்ளைகள் விடயத்தில் மட்டும் நாம் ஏன் இத்துணை அவசரப்படவேண்டும்?

பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை கைக்கு வரும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அறிக்கையை அருகில் வைக்காதீர்கள். அதே பிள்ளையின் சென்ற ஆண்டறிக்கையை அருகில் வையுங்கள். எட்டு, பதினான்கு ஆயிற்றா என்று பாருங்கள். ஆயிற்றென்றால் அப்பயிர் வளர்கிறது. ஆகவில்லையென்றால் பழமொழியைச் சொல்லிக் கைவிடாது, நீர் எங்கே தடைப்பட்டது எனத் தேடுங்கள்.

மாணவச் செல்வர்களே, உங்களுள் உயரமானோர் உளர், குட்டையானோர் உளர். கணக்கிற் பிந்தியோர் உளர், பேச்சிற் தயங்குவோர் உளர். உங்கள் பெயர் எந்த வரிசையில் எத்தனையாவது நிற்கிறது என்பது இன்றைய செய்தி. நாளைய செய்தியை எழுதும் எழுதுகோல் இன்னும் உங்கள் கையிலேயே உள்ளது. ஒருமுறை உலகம் நகைத்தால் அந்தக் களத்தை விட்டு ஓடாதீர்கள். அடுத்த ஆண்டும் அங்கேயே சென்று நில்லுங்கள். வென்றாலுஞ் சரி, தோற்றாலுஞ் சரி, அப்போது நிற்பவர் முன்னிருந்த பிள்ளையாய் இருக்கமாட்டார்.